அளக்க முடியாத வினைச்சொல்

என் படகின் இஞ்சின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இப்போதுதான் அணைத்த இஞ்சின், நல்ல சூடு. பொய்யென்றால் கை வெந்து போகட்டும்.

எங்கள் தீவில் நூற்றுப் பதினொரு பேர், அதற்கு நாலு மடங்கு ஆடுகள். சிலோயே என்கிற பெருந்தீவுக்கு என் படகில் இரண்டு மணி நேரம். காற்று எதிர்த்தால் மூன்று நாள். ஒருமுறை புறப்பட்டதற்கு முந்தின நாளே திரும்பி வந்து சேர்ந்திருக்கிறேன், அது வேறு கதை. சுகாதார நிலையம் ஒன்று உண்டு. அதிலிருந்த கம்பவுண்டர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் வேறு ஆள் போடவில்லை.

என் கொழுந்தியாள் இஸ்மேனியா, ஓதம் வற்றிக் கடல் உள்வாங்கும்போது கரையில் மட்டி தோண்டுகிறவள். சர்க்கரை வியாதிக்காரி. பிப்ரவரியில் ஒரு மட்டி ஓடு அவள் வலது பாதத்தைக் கிழித்தது. புண் ஆறவில்லை. பெருந்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து படகில் ஏற மறுத்தாள். அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச்சில் மூன்று துறை மாணவர்கள் வந்து எட்டு வாரம் தங்கி, ஒன்றாகச் சேர்ந்து வைத்தியம் பழகுவார்களாம்.

"அப்ப என் கால் பொழைச்சுது அத்தான்," என்றாள்.

வந்தார்கள். பல்தசார், மருத்துவம். யெர்கா, நர்சிங். நெல்சன், பிசியோதெரபி. படகில் மூவரும் மூன்று நிறத்தில் வாந்தி எடுத்தார்கள். துறை வேறு வேறல்லவா.

இஸ்மேனியா அன்றே கட்டை அவிழ்த்துப் பாதத்தை நீட்டினாள். யெர்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொடக் கூடாது அத்தை. முதல்ல நாங்க மூணு பேரும் சேர்ந்து ஒரே ஒரு கற்றல் குறிக்கோள் எழுதணும். நகரத்துல இருக்கற எங்க பேராசிரியை அதுக்கு ஒப்புதல் தரணும். அப்புறம்தான் கை வைக்கலாம்."

"ஒரு வரிதானே? எழுதித் தொலைங்களேன்."

எழுதினார்கள். 'இஸ்மேனியா அம்மையாரின் புண்ணைப் புரிந்துகொள்ளுதல்.' தீவில் போன் எடுக்காது, அதனால் தாளைப் பெருந்தீவுத் தபாலுக்கு நான்தான் கொண்டுபோனேன். ஒரு வாரம் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பியது: 'புரிந்துகொள்ளுதல் என்பது அளக்க முடியாத வினைச்சொல். மாற்றுக.'

"இதுல அளக்கறதுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் இஸ்மேனியா. "குழி இவ்வளவு ஆழம். விரலை விட்டுப் பாரு."

இரண்டாம் தாளில் வினைச்சொல் சரியாக இருந்தது, ஆள் சரியில்லை. மருத்துவம் அவளை நோயாளி என்றது. நர்சிங் பயனாளி என்றது. பிசியோதெரபி பங்கேற்பாளர் என்றது. ஒரு வாரம் சண்டை.

"என் பேரு இஸ்மேனியா கார்காமோ. ஞானஸ்நானத்துலயே முடிவு பண்ணியாச்சு," என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

மூன்றாம் தாளைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. எங்கள் ஊர்க் காற்று கட்டியிருக்கும் நாயையே கொடியில் காயும் சட்டையைப் போலப் பறக்கவிடும். தாள் இரண்டு நாள் கழித்து அடுத்த தீவில் கிடைத்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு.

நாலாம் தாளின்போது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. அவள் கோழிகள் அவள் பக்கம் வருவதை நிறுத்தின.

"நடந்தாத்தான் ரத்தம் ஓடும். நடக்கறதைத்தான் குறிக்கோளா போடணும்," என்றான் நெல்சன்.

"ஒரு அடி வெச்சா பாதமே போயிடும்டா, மடையா!" என்றாள் யெர்கா.

"ரெண்டு பேரும் சொல்றது சரி," என்றான் பல்தசார். "நடப்பது குறித்து மூவரும் உரையாடுதல்னு போடுவோம்."

"உரையாடுறதை அளக்க முடியுமா?"

"நிமிஷக் கணக்குல அளக்கலாம்."

அதுவும் திரும்பி வந்தது. ஆறாம் வாரம் இஸ்மேனியா உருளைக்கிழங்கு அப்பம் சுட்டுத் தட்டோடு நொண்டி வந்து, மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பேனாவை எடுங்க. இஸ்மேனியா, தன் சொந்தக் கால் ரெண்டுலயும் நின்னு, செப்டம்பர் மாசம், ஒரு கூடை மட்டி தோண்டணும். போதுமா? அளந்துக்குங்க. வேணும்னா கூடையும் தர்றேன்."

நெல்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு வருஷம் படிச்சும் இவ்வளவு சுத்தமா நான் ஒண்ணு எழுதினதில்ல அத்தை."

பல்தசார் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "ஆனா இது அவங்க குறிக்கோள். நாம எழுத வேண்டியது நம்ம குறிக்கோள். அவங்களோடதுக்கு இதுல கட்டம் இல்ல."

"கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுது," என்றேன் நான்.

"ஓரத்துல எழுதினா திருப்பி அனுப்புவாங்க எலேயு ஐயா."

இதற்குள் திரும்பி வந்த தாள்கள் ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக்கொடுக்கும் அளவு சேர்ந்துவிட்டன. கொடுத்தோம். அதுமுதல் மேசை ஆடவில்லை. இரண்டாவது விரலும் கறுத்தது. அவள் வீட்டுப் பூனை எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது.

எட்டாம் வாரம் வெள்ளிக்கிழமை ஒப்புதல் வந்தது. 'மூன்று துறை மாணவர்கள், ஒரே குழுவாக, எட்டு வாரத்துக்குள், ஒரு நபரின் பாதப் புண்ணுக்குப் பதினாறு முறை கட்டுப் போட்டுக் காட்டுதல்.' கீழே சிவப்பு மையில், 'மிகச் சிறப்பு. மற்ற குழுக்களுக்கு முன்மாதிரி.' நான் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது மூவரும் பெட்டியோடு படகுத்துறையில் நின்றிருந்தார்கள். அன்றோடு எட்டு வாரம் முடிந்தது.

யெர்கா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். வெந்நீர் வைத்தாள், கையைக் கழுவினாள், கட்டை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் செய்யாமல் மறுபடி சுற்றினாள்.

"படகுல ஏறுங்க அத்தை. நாங்க தூக்கிக்கறோம்."

முதல் முறையாக மூவரும் ஒரே குழுவாக வேலை செய்தார்கள். ஒருவன் தோளை, ஒருவன் இடுப்பை, யெர்கா காலை. பாதி வழியில் இஸ்மேனியா கேட்டாள்:

"எட்டு வாரத்துல நீங்க என்னதான்டா கத்துக்கிட்டீங்க?"

"வினைச்சொல் அத்தை," என்றான் நெல்சன். அவன் கேலி செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் எந்தக் குறிக்கோளும் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இஸ்மேனியா இப்போது கடலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கூடை ஆணியில் தொங்குகிறது. தோண்ட ஆளில்லாமல் மட்டிகள் செருப்பளவுக்குப் பெருத்துவிட்டன. ஓதம் வற்றும்போது அவள் வீட்டுப் பக்கமாகத் திரும்பித் தண்ணீர் பீச்சுகின்றன.

பல்கலைக்கழகக் கடிதம் இன்னும் சுகாதார நிலையத்தின் பூட்டிய கதவில் ஒட்டியிருக்கிறது. அந்த வருஷம் கடிதம் வந்ததோடு சரி, எங்கள் தீவுக்கு ஒரு மாணவரும் வரவில்லை. இஞ்சின் மேல் வைத்த என் கையைப் பாருங்கள், வெந்திருக்கிறது.