கோல்கீப்பரைப் பற்றிய ஒரு பத்தி

கால்பந்துப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெரிய அணிகள் இன்னும் களம் இறங்கவில்லை. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. அதனால்தான் மூன்றாம் டிவிஷன் அணிகள் இரண்டு மோதும் கோப்பைப் போட்டிக்கு அரைப்பக்க முன்னோட்டம் எழுதும் வேலை நிருபரான அவளுக்கு வந்தது. வழக்கமாக இந்த அணிகளுக்குப் பக்கத்தின் அடியில் நாலு வரி கிடைத்தாலே பெரிது.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு சார்" என்றாள் பொறுப்பாசிரியரிடம். "பணிமனை டீமோட கோல்கீப்பர் என் வீட்டுக்காரர். துறைமுக டீமோட கோச் என் கூடப்பிறந்த அண்ணன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிறது இதுதான். வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?"

"வேற யாரும் இந்த ரெண்டு டீமையும் எட்டிக்கூடப் பார்த்ததில்லையே சார். நானே எழுதறேன். அவங்க எனக்கு என்ன உறவுன்னு கடைசியில ஒரு வரி மட்டும் போட்டுடுங்க. யாரும் பின்னாடி பேசக்கூடாது."

இரண்டு மைதானங்களுக்கும் போனாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் புல்லைவிட மண்தான் அதிகம். வேலை முடிந்து வந்தவர்கள் கையில் கிரீஸ் கறையோடு பூட்ஸ் கட்டினார்கள். துறைமுகத்தார் சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே பயிற்சி செய்தார்கள். காற்று அடித்தால் அங்கே பந்து ஒரு பக்கம் போகும், தொப்பி ஒரு பக்கம் போகும். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட் கிரேன் ஓட்டுபவன். ஆளின் உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவனை 'ஏணி' என்றே கூப்பிட்டார்கள். அண்ணன் இடது ஓரத்திலிருந்து உயரமாகப் பந்து போடச் சொல்வதும், ஏணி தலையால் முட்டுவதுமாக அன்றைய பயிற்சி முழுவதும் போயிற்று.

அவள் எழுதினாள். பணிமனையின் வலது பின்கள வீரர் அடிக்கும் ஃப்ரீ கிக்கை இந்த டிவிஷனில் அடிக்க வேறு ஆளில்லை என்று எழுதினாள். துறைமுகத்தின் நடுக்களம் அவசரக் குடுக்கை என்று எழுதினாள். யாரையும் விடவில்லை, ஒவ்வொருவருக்கும் தான் கண்ணால் கண்ட ஒன்றை எழுதினாள். கடைசியில் பணிமனை கோல்கீப்பரின் முறை வந்தது.

அங்கே விரல்கள் நின்றுவிட்டன. லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் கணவனுடைய தொழில்; பணிமனையில் வேலை இல்லையென்றாலும் அந்த அணிக்குத்தான் ஆடினான். மைதானத்தில் அவனுக்குப் பெயரே 'லிஃப்ட்'தான். இரண்டு வருடத்துக்கு முன் உயரமாக வந்த பந்துக்குத் தாவியபோது ஒருவன் மேல் மோதி விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. சிகிச்சை முடிந்து திரும்பி வந்தான். ஆனால் அதற்குப் பிறகு கோலின் தூரக் கம்பத்துக்கு உயரமாக வரும் பந்தைக் கண்டால் அவன் கால் முன்னால் போகாமல் ஓரடி பின்னால் போகும். போன பருவத்தில் வாங்கிய கோல்களில் பாதி அப்படித்தான் விழுந்தன. கேலரியில் உட்கார்ந்து பார்க்கும் எவருக்கும் அது தெரியும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க அவனால் இன்னும் முடியவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் பார்த்ததை எழுதினாள். 'அருகிலிருந்து அடிக்கும் பந்தை இவரைப் போலப் பிடிக்க ஆளில்லை. ஆனால் தூரக் கம்பத்துக்கு உயரமாக வரும் பந்தை எதிர்கொள்ளத் தயங்குகிறார், பின்வாங்குகிறார். ஏணிக்கு இது போதும். துறைமுகத்துக்கே வாய்ப்பு அதிகம்.' தோளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

"என்னைப் பத்தி என்ன எழுதின?" என்று அவன் சாப்பிடும்போது கேட்டான்.

"காலையில படிங்க" என்றாள். அவன் சிரித்தான். பாராட்டித்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்திருப்பான்.

மறுநாள் காலை அவன் பேப்பரைப் பிரித்துப் படித்தான். காபி ஆறிப் போனது. எழுந்து கருவிப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். பிறகு அவன் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, அந்தப் பத்தியை முழுவதும் படித்து முடித்தாள்.

"கட்டினவனை ஊருக்கே காட்டிக் கொடுத்துட்டியே" என்றாள். "புருஷன் குறையை மூடி வைப்பாங்க. நீ அச்சடிச்சு வித்திருக்கே."

"அத்தை, மத்த எல்லாரோட குறையையும் எழுதிட்டு இவரை மட்டும் விட்டா, நான் எழுதினது எதையாவது யாராவது நம்புவாங்களா?"

"நம்பி என்ன ஆகப்போகுது?" என்று மாமியார் பாத்திரங்களைக் கழுவப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

சிறிது நேரத்தில் அண்ணன் போனில் வந்தான். "தங்கச்சி, உனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தரலாம்னு இருக்கேன்!"

"உங்களுக்காக எழுதல அண்ணா. இது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். நேத்து பயிற்சியில நீங்க அதைத்தானே செஞ்சீங்க?"

"தெரியும்தான். ஆனா நீ எழுதிப் படிக்கிறப்போ ஒரு தனி ருசி" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அன்று வேலையிடத்தில் கணவனைச் சும்மா விடவில்லை. "என்னப்பா, லிஃப்ட் மேலே போகலையாமே? ரிப்பேரா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது தோளில் ஒரு வலைப் பை தொங்கியது. கிளப்பிலிருந்து அள்ளி வந்த பந்துகள். கதவருகே நின்றபடியே கையுறையை மாட்டினான்.

"நீ நம்ம வராந்தாவுல நில்லு" என்றான். "அங்கேருந்து கீழே போடு. உயரமா போடு."

அவள் அசையாமல் நின்றாள். "கோபமா இருக்கீங்களா?"

"காலையில இருந்தது" என்றான். "அப்புறம் லிஃப்ட் கூண்டு மேலே உட்கார்ந்து யோசிச்சேன். ரெண்டு வருஷமா எல்லாரும் முதுகுல தட்டி 'நல்லா ஆடினே'ன்னுதான் சொல்றாங்க. கோல் விழுந்தா டிஃபெண்டரைத் திட்டுவாங்க. என் தப்புன்னு எனக்குத் தெரியும். ஒருத்தரும் சொல்லல. நானும் சொல்லல." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "தோளைப் பத்தி ஏன் எழுதல? அதை எழுதியிருந்தா ஜனங்க கொஞ்சம் பாவம் பார்த்திருப்பாங்க."

"தோள் நம்ம வீட்டு விஷயம்ங்க. கால் பின்னாடி போறது ஊர் பார்த்த விஷயம்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

குடியிருப்பின் முற்றத்தில் ஸ்கூட்டர்கள் நின்ற இடத்தை ஒதுக்கிவிட்டு அவன் நின்றான். அவள் இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து பந்தைப் போட்டாள். முதல் பந்துக்கே கால் பின்னால் போனது. அடுத்ததற்கும் போனது. மூன்றாவது பந்து ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியைப் பதம் பார்த்தது. கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, கோல்கீப்பர் என்று தெரிந்ததும், "அது என் வண்டிதான், பரவாயில்ல, பிடி தம்பி!" என்று கத்தினார்.

மாமியார் உள்ளேயிருந்து வந்து வேடிக்கை பார்த்தாள். சற்று நேரத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீ போடறது பூப் போட்ட மாதிரி இருக்கு. தள்ளு" என்று மருமகளின் கையிலிருந்த பந்தை வாங்கினாள். சலவை நிலையத்தில் வாழ்நாளெல்லாம் ஈரத்துணி மூட்டைகளை வண்டியில் தூக்கிப் போட்ட கை. அவள் எறிந்த பந்து மூன்றாம் மாடி உயரத்துக்குப் போய்ச் செங்குத்தாக இறங்கியது. "முன்னாடி வாடா! அது என்ன, பாம்பா? பின்னாடி போறே!"

அவன் முன்னால் வந்தான். குத்தினான். பந்து மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது.

போட்டி வரை தினமும் இருட்டுகிற வரைக்கும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். மாமியாருக்குக் கைவலி வந்தது. தைலம் தேய்த்துவிட்டவள் மருமகள்தான். அந்த முன்னோட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

போட்டியன்று பணிமனை மைதானம் கொள்ளவில்லை. அரைப்பக்கம் வந்த பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தவர்களை அவளே பார்த்தாள். தங்கள் பெயர் அச்சில் வந்ததைக் காட்ட, ஆட்டக்காரர்கள் வீட்டோடு எல்லோரையும் கூட்டி வந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கென்று போட்ட ஒற்றை மேசையில் அவள் உட்கார்ந்தாள். இன்னொரு பத்திரிகையிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். மாமியார் அனுமதி கேட்காமலே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் இடது ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. லிஃப்டின் கால் பின்னால் போனது. ஏணி முட்டினான். கோல்.

"லிஃப்ட் ரிப்பேர்! லிஃப்ட் ரிப்பேர்!" என்று துறைமுகத்துக் கூட்டம் கைதட்டிப் பாடியது. அண்ணன் கோட்டோரம் குதித்தான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். மருமகள் மூடவில்லை. பார்ப்பதுதான் அவள் வேலை.

மறுபடியும் அதே பந்து, அதே ஓரம். இந்த முறை அவன் முன்னால் வந்தான். கூட்டத்துக்குள் புகுந்து தாவினான். ஏணியின் தோளும் அவன் தோளும் மோதின. பந்தைக் கட்டிப்பிடித்தபடி இடது தோள் தரையில் அடிக்க விழுந்தான். மைதானமே அடங்கிப் போனது. அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்து, தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று பந்தைப் பாதி மைதானத்துக்கு எறிந்தான்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவன் பந்துதான். "மேலே! மேலே!" என்று பணிமனைக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் கத்தினார்கள். இரண்டாம் பாதியில் வலது பின்கள வீரரின் ஃப்ரீ கிக் வளைந்து போய் உள்ளே விழுந்து ஆட்டம் சமமானது. முடியும் நேரத்தில் துறைமுகத்துக்கு ஒரு கார்னர். அண்ணன் தன் ஆட்கள் எல்லோரையும் முன்னால் அனுப்பினான். தூரக் கம்பத்துக்கு வந்த பந்தை, ஏணியின் தலைக்கு மேலே எழும்பி, லிஃப்ட் இரண்டு கையாலும் குத்தினான். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. துறைமுகத்தின் பின்களத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பணிமனையின் முன்கள வீரன் பந்தைத் துரத்திப் பிடித்துத் தனியாக ஓடினான். இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. அண்ணன் நெரிசலில் நீந்தி வந்து மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னை நம்பித்தானே மாப்பிள்ளை மொத்த பிளானும் போட்டேன். கவுத்துட்டியே!"

"பேப்பர் படிச்சு பிளான் போட்டா இப்படித்தான் மச்சான்" என்றான் அவன். தோளில் ஐஸ் பை, வாய் நிறையச் சிரிப்பு.

பின்னால் நின்ற ஏணி முணுமுணுத்தான். "கோச், உங்க தங்கச்சி நம்மளை ஏமாத்திட்டாங்க."

அண்ணன் சட்டென்று திரும்பினான். "வாயை அளந்து பேசு. எழுதின அன்னிக்கு அது அத்தனையும் உண்மை. சொந்தப் புருஷனுக்காக ஒரு எழுத்தைக் குறைக்கல, அண்ணனுக்காக ஒரு எழுத்தைக் கூட்டல. இப்படி எழுத உங்க வீட்டுல யாராவது இருக்காங்களா?"

மேசையில் ஆட்டச் செய்தியை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது காதில் விழுந்தது. நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண் காட்டிக் கொடுத்துவிடும். பேப்பருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தோற்கும் என்று தான் சொன்ன அணி ஜெயித்தது என்பதைத்தான் முதல் வரியாக எழுதினாள். ஒரு வரியை அவ்வளவு சந்தோஷமாக அவள் எழுதியதே இல்லை.

இன்னொரு பத்திரிகைக்காரர் மாமியாரிடம், "கோல்கீப்பர் இப்படி மாறுவார்னு யாரும் எதிர்பார்க்கலையே, என்ன ஆச்சும்மா?" என்று கேட்டார்.

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குறையை எழுதினது என் மருமக" என்றாள். "பந்து போட்டது நான். ரெண்டு பேர் பேரையும் போடுங்க. அவ பேரை முதல்ல போடுங்க."