படகுக்காரன் அழைப்பு

1

இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாக வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலெக்சாண்டிரியாவில் எங்கள் மாடிப்படியில், எதிர்வீட்டு இஸ்ஸத்தின் கதவிடுக்கிலிருந்து வாத்து வேகும் வாசனை வந்தது. எழுத்தாளன் வாழ்க்கையைப் பார்த்து எழுத வேண்டுமாம். நான் வாத்தை மோந்து எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்:

மூத்தோர் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில், இஸ்ஸத்தின் கை நடுங்கி... (நடுங்கவில்லை. அது என் ஆசை.)

கடல் அன்று... (கடலை விடுங்கள். அரங்கத்துக்கு ஜன்னலே கிடையாது.)

சரி, நேராகவே வருகிறேன். இஸ்ஸத்துக்கு எதிரே உட்கார வேண்டியவர் ஹில்மி. இருவரும் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இஸ்ஸத்துக்கு வேண்டியது கோப்பை அல்ல. ஹில்மி மறுபடியும் தன் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

3

இங்கே சாப்பாட்டு நேரத்தில் யாரைப் பார்த்தாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியாக வேண்டும். கேட்டவர் மறுத்தாக வேண்டும். ஒரே தடவை கூப்பிட்டுவிட்டு விட்டால் அதற்குப் படகுக்காரன் அழைப்பு என்று பெயர். நட்டாற்றில் படகில் சாப்பிடுகிறவன் கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மெய்யான அழைப்பு.

பல வருடங்களுக்கு முன்பு, தெருவாசலில் இஸ்ஸத் ஒரே தடவை கூப்பிட்டார். பசியோ பாசமோ, ஹில்மி குடும்பத்தோடு மேலேறி வந்துவிட்டார். வீட்டில் இருந்தது ஒரு கிண்ணம் மொச்சைக் கடைசல். அடுப்படியில் மனைவி சமீஹாவிடம் இஸ்ஸத் கிசுகிசுத்தார்: "சும்மா வாய்வார்த்தைக்குத்தான் கூப்பிட்டேன்." இஸ்ஸத்தின் கிசுகிசுப்பு எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். கூடத்தில் இருந்த ஹில்மி ஒரே ஓர் ஆலிவ் காயைத் தின்றுவிட்டு எழுந்து போனார். அன்றோடு 'டேய் இஸ்ஸத்' போய் 'உஸ்தாஸ் இஸ்ஸத்' வந்தது. நம் 'சார்' போன்றதுதான். நண்பன் வாயிலிருந்து வந்தால் வலிக்கும்.

(சமீஹாவைக் கதையில் சேர்ப்பதா என்று தயங்கினேன். அவரோ யாரையும் கேட்டு எதுவும் செய்கிறவர் அல்ல. போட்டியன்று காலை:

"வாத்த ஊறப் போட்டாச்சு. அவரக் கூட்டிக்கிட்டு வரலேன்னா நீங்களும் வராதீங்க."

"ஆட்டத்துல ஜெயிக்க வேணாமா?"

"ஜெயிச்ச கோப்பைய யாரு திங்கிறது?")

4

"ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்கு வா, ஹில்மி. சாப்பிடலாம்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், உஸ்தாஸ். இருக்கட்டும்."

இன்னொரு தடவை கூப்பிட வாயெடுப்பதற்குள் நடுவர் கடிகாரத்தை ஓடவிடச் சொல்லிவிட்டார். இனிப் பேசக் கூடாது.

இஸ்ஸத்துக்குக் கறுப்புக் காய்கள். இரண்டாவது நகர்த்தலிலேயே, மந்திரிக்கு* முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எடுத்துக்கொள் என்று வைத்தார். இப்படிக் காயைத் தூண்டிலாக நீட்டும் இந்தத் தொடக்கத்தை யானை கேம்பிட் என்பார்கள். அதில் யானை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் போட்டியில் அதை ஆடுவதில்லை. பக்கத்துப் பலகைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

*நாம் ராணி என்கிற காய் இங்கே மந்திரி. என்னை நம்புங்கள்.

ஹில்மி அந்தச் சிப்பாயைத் தொடவில்லை. வேறெதையோ நகர்த்தினார். சற்று நேரம் கழித்து இஸ்ஸத் இன்னொரு சிப்பாயை நீட்டினார். அதையும் தொடவில்லை, ஆனால் மீசை லேசாக அசைந்தது. அப்புறம் இஸ்ஸத் தன் குதிரையைக் கொண்டுபோய், ஒரு காரணமும் இல்லாமல், ஹில்மியுடைய சிப்பாயின் வாயில் நிறுத்தினார்.

பலகையில் இது மூன்றாவது அழைப்பு. குதிரை போனால் ஆட்டம் போச்சு. குதிரையையும் தொடாவிட்டால் ஹில்மி போனார்.

ஹில்மியின் கை மெல்ல எழுந்து...

(இதெல்லாம் இஸ்ஸத் வீடு திரும்பிச் சமீஹாவிடம் கிசுகிசுத்ததில் எனக்குக் கேட்டது. அதற்கு மேல் பாத்திரச் சத்தம்.)

5

ஆகவே முடிவுகளை நானே செய்தேன்.

அ) ஹில்மி வெட்டுகிறார். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இதை எழுதி அடித்துவிட்டேன். அழுது முடிப்பதற்குள் வாத்து ஆறிவிடும்.

ஆ) ஹில்மி மறுக்கிறார். ஆட்டம் சமன். இஸ்ஸத் தனியாக... இதை எழுத எனக்கு மனசில்லை.

இ) ஹில்மி

இதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தாளும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்த என்னை இஸ்ஸத் பார்த்தார்.

"வாங்க, சாப்பிடலாம்."

"இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு," என்றேன், முறைப்படி. பச்சைப் பொய்.

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். உள்ளேயிருந்து, வாய் நிறையக் கறியோடு ஒரு குரல்:

"டேய் இஸ்ஸத், ஒரு தடவையோட நிறுத்திட்டியா? இன்னுமாடா திருந்தல நீ?"

இஸ்ஸத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கதவை முழுக்கத் திறந்தார்.

"வாங்கன்னு சொல்றேன்ல."

இது இரண்டாவது. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள், மூன்றாவது அழைப்பு வந்ததா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். கை கழுவப் போகணும்.