ஐஸ் இல்லாத பண்டுங்

பாராட்டு விழாவில் தன்னைப் பற்றி வாசிக்கப்படவிருந்த பாராட்டுரையைக் குமுதாவே எழுதினாள்.

"நீரே எழுதிக் கொண்டு வாரும் பிள்ளை. நான் கையெழுத்து வைக்கிறன்," என்றிருந்தார் பேராசிரியர் சிவானந்தன்.

அது அவருடைய வழக்கம். கடிதமோ அறிக்கையோ மானிய விண்ணப்பமோ, அவள்தான் எழுதுவாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டு ஒட்டுவாள். அவர் மஞ்சள் துண்டை மட்டும் பார்ப்பார்.

குமுதா முனைவர் பட்டம் வாங்கியவள். அதன் பிறகும் அவருடைய ஆய்வகத்திலேயே ஒப்பந்தத்தில் வேலை செய்தாள். ஈப்போவுக்கு வெளியே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் இப்படிச் சிலர் இருந்தார்கள். விரிவுரையாளர்களும் இல்லை, மாணவர்களும் இல்லை. அவர்களுடைய காருக்கு எந்த நிற அட்டை கொடுப்பதென்று காவலருக்குத் தெரியாது. போஸ்ட்டாக் என்று அழைத்தார்கள். இந்த ஆண்டு முதல் அவர்களைப் பாராட்ட ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

மாத இறுதியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பு விண்ணப்பத்தில் ஒரு பக்கம்தான் பாக்கி. அவள் இதுவரை என்ன செய்தாள் என்பதை மேற்பார்வையாளரான சிவானந்தன் எழுதிக் கையெழுத்திட வேண்டிய பக்கம். அதையும் தானே எழுதித் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"சேச்சே, அதை நான்தான் எழுதவேணும். முறை எண்டு ஒண்டு இருக்கு."

பிப்ரவரியில் சொன்னார். இப்போது செப்டம்பர்.

பாராட்டுரை எளிதாக வரவில்லை. செய்ததை எழுதினால் தற்பெருமை போலிருந்தது. அழித்தாள். 'குழுவோடு ஒத்துழைப்பவர். நேரம் தவறாதவர்' என்று எழுதி மஞ்சள் துண்டு ஒட்டினாள்.

விழாவன்று காலை போஸ்ட்டாக்குகளே நாற்காலி அடுக்கினார்கள்.

"மாப்பிள்ளையவே பந்தல் போடச் சொல்ற மாதிரி இருக்கு லா," என்றான் யுகேந்திரன். பக்கத்து ஆய்வகத்துக்காரன். "அக்கா, பேனர்ல நம்ம மூஞ்சி ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா?"

பேனரில் டீன் இருந்தார். சிவானந்தனும் இன்னும் இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள்.

"கீழ பாரு. ஓரத்துல பூ போட்டிருக்காங்க."

"அதுதான் நம்மளா?"

வருகை கட்டாயம். கைப்பேசி ஒலிக்கக் கூடாது. சிறப்பு விருந்தினரான டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு டீனுக்கு. பிறகு பேராசிரியர்களுக்கு. போர்த்திவிட்டவருக்கும் ஒன்று. அதற்கே வெகுநேரம் ஆனது.

குமுதாவின் கைப்பேசி மடியில் அதிர்ந்தது. ஆய்வகத்து உறைபெட்டி அனுப்பிய எச்சரிக்கை. உள்ளே குளிர் குறைந்துகொண்டிருந்தது.

அதில் மூன்று ஆண்டு இலைகள் இருந்தன. கோப்பெங்கிலும் பத்து காஜாவிலும் ஆளில்லாமல் கிடந்த பழைய ரப்பர் தோட்டங்களில், நோய் கண்ட பால்மரங்களின் அடியில் அவள் பொறுக்கியவை. உருகினால் எதற்கும் ஆகாது. பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் காரணம் இருக்காது.

மேடையில் முதல் போஸ்ட்டாக்கின் பெயரை வாசித்தார்கள். குமுதா எழுந்து வெளியே போனாள்.

ஆய்வகத்தில் உறைபெட்டி விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடவில்லை. மற்ற ஆய்வகங்கள் பூட்டியிருந்தன. சாவி வைத்திருந்தவர்கள் பாராட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால், விருந்துக்குச் சமைக்க வந்த சீனி அண்ணன், ரோஸ் சிரப்பில் பாலூற்றி பண்டுங் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெட்டி ஐஸ்.

"அண்ணே, இந்த ஐஸ் பூரா வேணும்."

"பூராவுமா? டத்தோ என்னாத்த குடிப்பாரு?"

"இல்லன்னா என் இலையெல்லாம் கெட்டுப் போயிடும்ணே."

"எல. கெட்டா வேற எல பொறுக்கிக்கலாம் லா."

"அந்தத் தோட்டத்துல பாதிய இப்ப வீடாக்கிட்டாங்க."

சீனி கரண்டியை வைத்தார். "எடுத்துக்க. யாராச்சும் கேட்டா உன் பேரச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க. இன்னிக்கு அதுக்குத்தானே விழா. உப்பு இருக்கா?"

"ஐஸுக்கு உப்பா?"

"போட்டா இன்னும் குளிரும்."

தள்ளுவண்டியும் கொடுத்தார். ஐஸ், உப்பு, இலைப் பைகள், மறுபடி ஐஸ் என்று ஆய்வகத்துப் பெட்டிகளில் அடுக்கினாள். விரல்கள் மரத்துப்போயின. தூரத்தில் ஒலிபெருக்கி அவள் பெயரை இரண்டு முறை அழைத்தது. பிறகு ஒரு குரல் வாசித்தது: 'நேரம் தவறாதவர்.'

விழா முடிந்து யுகேந்திரன் சாவியோடு ஓடிவந்தான். பைகளை அவனுடைய உறைபெட்டிக்கு மாற்றினார்கள். ஒன்றும் உருகியிருக்கவில்லை.

"உங்க விருத ப்ரோஃப்தான் வாங்கினாரு," என்றான். "உங்க பொன்னாடையையும் அவருக்கே போத்திட்டாங்க. ஏற்கெனவே ஒண்ணு போட்டிருந்தாரு. ரெண்டு போட்டுக்கிட்டு மனுஷன் வேர்த்துக் கொட்டுறாரு. குடிக்கப் போனா பண்டுங்ல ஐஸ் இல்ல."

மறுநாள் சிவானந்தன் கூப்பிட்டார்.

"டீன் அலுவலகத்தில கோவமா இருக்கினம், பிள்ளை. கட்டாய விழாவுக்கு நடுவில எழும்பிப் போனதுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் குடுக்கச் சொல்லீனம். ஐஸ் விசயமும் இருக்கு."

"உறைபெட்டி நின்னு போச்சு ப்ரோஃப்."

"அதைப் பதிலில எழுதும். முதல்ல கடிதத்தை எழுதிக் கொண்டு வாரும். நான் கையெழுத்து வைக்கிறன்."

"எனக்குக் கொடுக்கிற கடிதத்த நானேவா?"

"வேற ஆர் எழுதுறது?"

குமுதா இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். இந்த முறை எழுத வந்தது. தற்பெருமையென்று யாரும் சொல்ல முடியாது. இது குற்றச்சாட்டு.

'கைவிடப்பட்ட தோட்டங்களில் மூன்று ஆண்டுகளாக நீங்கள் தனியாகச் சேகரித்த இலை மாதிரிகளை, உறைபெட்டி பழுதானபோது நீங்கள் தனியாகவே காப்பாற்றினீர்கள் என அறிகிறேன். நமது ஆய்வகத்தின் அண்மைக் கட்டுரைகள் அனைத்தும் இம்மாதிரிகளைக் கொண்டு நீங்கள் எழுதியவை என்பதையும் நான் அறிவேன். எனினும், மேற்கண்ட காரணத்தால் உங்களைப் பாராட்டும் விழாவிலிருந்து பாதியில் வெளியேறியதற்கும், விருந்தினருக்கான ஐஸை எடுத்துச் சென்றதற்கும் உரிய விளக்கம் அளிக்கவும்.'

மஞ்சள் துண்டு ஒட்டினாள். சிவானந்தன் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

மதியம் அவள் நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனாள். மனிதவளப் பிரிவில் விமலா பக்கங்களைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இது விளக்கம் கேக்குற கடிதம்லா?"

"மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"நான் என்ன செஞ்சேன்னு இருக்கா?"

விமலா மறுபடி படித்தாள். மெதுவாகப் படித்தாள்.

"இருக்கு," என்று முத்திரை குத்தினாள். "பதில் குடுத்திட்டீங்களா?"

"இனிமேதான். டத்தோ குடிச்ச பண்டுங்குக்கு வருத்தம் தெரிவிக்கணும்."