பாலத்தில் தொங்கும் பேருந்து

'ஒன்பதின்மர்' திரைப்படம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, பழைய படங்களிலிருந்து நாயகர்கள் கிளம்பிப் போகத் தொடங்கினார்கள். ஒன்பது படங்களின் நாயகர்கள் அந்த ஒரே படத்தில் ஒன்றுசேரவிருந்தார்கள். ஒரே சமயத்தில் இரண்டு படங்களில் இருக்க எவராலும் இயலாது. ஆதலால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அம்பாசமுத்திரத்து ரசிகர்களின் கருத்தாக இருந்தது.

செல்வமணி டாக்கீஸில் பழைய படங்களை நாளுக்கு ஒன்றாகத் திரையிட்டார்கள். புதுப் படம் விளங்க வேண்டுமானால் பழையவற்றை மறுபடி பார்த்தே ஆகவேண்டும். முதலில் காந்தக்கையன் போனான். அவன் தடுத்து நிறுத்த வேண்டிய ரயில் நிற்காமல் ஆற்றில் இறங்கியது. அவன் தோன்ற வேண்டிய இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. ரசிகர்கள் அந்த வானத்துக்கு விசிலடித்தார்கள். காகிதம் கிழித்து வீசினார்கள்.

அன்று மாலைக் காட்சியில் அதே ரயில் மீண்டும் வந்தது. பயணிகள் இல்லை. ஒரு காட்சியில் இறந்தவர்கள் மறு காட்சிக்கு வருவதில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெளிவாயிற்று.

"கூட்டமில்லாம பாக்க ரயிலு நல்லாத்தான் இருக்கு" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

தவசிக்கனிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அண்ணன் லிங்கத்துரை, 'இடிவீரன்' படத்தில் இருந்தான். அப்படத்தின் பேருந்துக் காட்சியை இவ்வூர் ஆற்றுப் பாலத்தில்தான் எடுத்தார்கள். உள்ளூர் இளைஞர்களைப் பிடித்துப் பயணிகளாக உட்கார வைத்தார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு பேருந்து தொங்கும். இடிவீரன் வந்து பின்பக்கத்தைப் பிடித்து மேலே இழுப்பான். ஜன்னலோரம் அமர்ந்திருந்த லிங்கத்துரையை அலறச் சொல்லியிருந்தார்கள். அவனோ கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதை வெட்ட மறந்துபோனார்கள்.

படம் வெளிவருவதற்கு முன்பே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோயிற்று. வீட்டில் அவனுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவன் முகத்தைக் காண வேண்டுமானால் அந்தச் சிரிப்பு ஒன்றே உண்டு. தவசிக்கனி அதற்காகவே அப்படத்தை எங்கே போட்டாலும் போவார். ரசிகர் என்று அவரை ஊரார் தவறாக எண்ணியிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள், 'இடிவீரன்' போட்ட அன்று காலை, அவர் ரசிகர் மன்றத் தலைவர் ஐகோர்ட் ராஜாவைத் தேடிப் போனார். தலைவர் ஏணியில் நின்று, ஒன்பது கட்-அவுட்டுகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கட்-அவுட்டுகள் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டன.

"தலைவரே, இடிவீரனும் கெளம்புதாராமே?"

"இன்னைக்கு மேட்னியோட கெளம்புதாரு. கடைசி ஆளு அவருதான். இனி கவலையில்ல."

"அப்ப பஸ்ஸ யாரு பிடிப்பா?"

"எந்த பஸ்ஸு?"

"பாலத்துல தொங்குமே, அது."

"ஏ, அது பழைய படம்லா! புதுசுல மலையவே தூக்குதாராம்வே."

"பஸ்ஸுல எங்க அண்ணன் இருக்கான் தலைவரே."

ஐகோர்ட் ராஜா ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எங்க அத்தை ரயில்ல இருந்தா" என்றார். "நானும் விசிலடிச்சேன். என்ன செய்யச் சொல்லுதீரு? ஒம்போது பேரு ஒண்ணா வாராவ."

பிறகு அடுத்த குடத்தைக் கேட்டு வாங்கினார்.

'இடிவீரன்' மாலைக் காட்சியோடு முடிகிறது. மறுநாள் காலை புதுப் படம். தவசிக்கனி மாலைக் காட்சிக்குச் சீட்டு வாங்கினார். ஆனால் இருக்கையில் அமரவில்லை. திரைக்குப் பக்கத்திலிருந்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அங்கே ஒரு நடைவழி இருந்தது. அவர் நடக்க நடக்க அது நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. ஆகவே அவர் பின்னோக்கி நடந்தார். உடனே வந்து சேர்ந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது நாயகர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இடிவீரன் முகமூடியைச் சற்றே தூக்கி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பஸ் விஷயமா?" என்றான், ஏறிட்டுப் பார்க்காமலே.

"ஒரு ஷோவுக்கு மட்டும் வந்துட்டுப் போங்க. கோடி புண்ணியமாப் போவும்."

"எழுந்தா நாற்காலி போயிடும். வெளியில எத்தனை பேர் நிக்கிறான் தெரியுமா?"

"புதுப் படத்துல உங்களுக்கு என்ன வேலை?"

இடிவீரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"எல்லாரும் வரிசையா நடந்து வருவோம். நான் இடது ஓரம்."

"பொறவு?"

"பிறகு இடைவேளை."

மற்ற எண்மரும் தலைகுனிந்தார்கள். காந்தக்கையனின் காலணியில் ஆற்றுமணல் ஒட்டியிருந்தது.

"பஸ்ஸு ரொம்பக் கனமோ?" என்று கேட்டார் தவசிக்கனி.

"கனம் பெரிசில்ல. கையை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். விசில் சத்தம் கேட்டா கும்பிடத் தோணும். கும்பிட்றாதீங்க."

அந்தத் தொல்லை தவசிக்கனிக்கு நேரவில்லை. அவர் திரைக்குள் பாலத்தில் போய் நின்றபோது ஒருவரும் விசிலடிக்கவில்லை. "யாருடே அது, சைக்கிள் கடைக்காரரா?" என்று ஒரு குரல் கேட்டது. "மறைக்காரு, உக்காரச் சொல்லு" என்றது மற்றொரு குரல். பேருந்து சுவரை உடைத்துக்கொண்டு தொங்கிற்று. அவர் அதன் பின்பக்க ஏணியைப் பற்றிக்கொண்டார். அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. பிடிக்க முடிந்தது, இழுக்க முடியவில்லை.

பேருந்து மேலே வராததால் படம் அடுத்த காட்சிக்குப் போகவில்லை. மக்கள் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். விடியும் வரை அவர் அப்படியே நின்றார்.

காலையில் ஆபரேட்டர் தன் அறையின் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினார்.

"அண்ணாச்சி, சட்டுனு முடிங்க! புதுப் படம் போடணும்!"

"விட்டா விழுந்துரும்லா!"

"அப்ப சரி. இதுக்கு மேலயே போட்டுருதேன்."

அரங்கம் நிரம்பியது. 'ஒன்பதின்மர்' பேருந்தின் மீதும் பாலத்தின் மீதும் ஓடத் தொடங்கியது. தவசிக்கனியின் முதுகில் ஒரு நகரம் எரிந்தது. சூடு இல்லை, வெளிச்சம் மட்டும் கண்ணைக் கூசச் செய்தது.

கடைசி ஜன்னலிலிருந்து லிங்கத்துரை தலையை வெளியே நீட்டினான். மீசை இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, கை வலிக்கலியா?"

"இல்லண்ணே."

"என்னப் போய் அண்ணேங்கியளே! உங்களுக்கு எங்க அப்பா வயசு இருக்கும்."

"நான் தவசிண்ணே. உன் தம்பி."

லிங்கத்துரை சிரித்தான். அதே சிரிப்புத்தான், ஆனால் இவ்வளவு அருகில் பல் ஒன்று உடைந்திருப்பது தெரிந்தது. தவசிக்கனி அதை மறந்தே போயிருந்தார்.

"நல்ல கூத்துதான். எங்க தவசி ஆறாங்கிளாஸ் படிக்கான்." பிறகு அவன் காதைக் கூர்மையாக்கினான். "என்ன இம்புட்டுச் சத்தம்? படமா ஓடுது? எனக்கு இங்கன இருந்து ஒண்ணுந் தெரியல."

"படந்தான்."

"யாரு நடிச்சது?"

"எல்லாரும்."

"எங்க தம்பிக்குப் படம்னா உசிரு. அவனக் கூட்டிட்டு வந்து காட்டணும். என்ன நடக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி, நான் அவங்கிட்டப் போய்ச் சொல்லுதேன்."

தவசிக்கனி கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். நகரம் எரிவதைச் சொன்னார். புகைக்குள்ளிருந்து காந்தக்கையன் நடந்து வருவதைச் சொன்னார். அவன் பின்னால் இன்னொருவன், அவனுக்கும் பின்னால் மற்றொருவன். அரங்கமே எழுந்து நின்றது. விசிலில் கூரைத் தகடு அதிர்ந்தது.

"அண்ணாச்சி, பஸ்ஸு இறங்குதாப்ல இருக்கே."

"இல்லண்ணே."

"இல்ல, இறங்குது. தண்ணிச் சத்தம் கிட்டக் கேக்கு."

இடது ஓரத்தில் இடிவீரன் வந்தான். பாலத்தின் மேலேயே, தவசிக்கனியின் தோளை உரசிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி நடந்து போனான். கூட்டத்தை நோக்கி இரு கைகளையும் கூப்பினான்.

லிங்கத்துரை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் இப்போது, அன்று படமெடுத்தவர்கள் கேட்ட விதமாகவே, அலறப்போவதுபோல் இருந்தது.

"எல்லாரும் வந்துட்டாவளா?" என்று கேட்டான்.

"எல்லாரும் வந்துட்டாவ" என்றார் தவசிக்கனி.

பேருந்து மேலும் ஓர் அங்குலம் இறங்கியது.