கொத்துத் தகடும் நாலாயிரத்து நூறு கலோரியும்

ஆறு கிலோ குறைந்தால்தான் அக்காளுக்குச் சிறுநீரகம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஒரு மனுஷன் என்ன செய்வான், சொல்லுங்கள் கண்ணுங்களா? மாத்தளை டவுனில் கொத்து ரொட்டி போடும் சுதர்ஷன், காலடியையும் கலோரியையும் எண்ணிச் சொல்லும் ஒரு வாட்ச் வாங்கிக் கையில் கட்டிக்கொண்டான்.

அவனுடைய அக்காள் ரஜனி இரத்தோட்டையில் இருக்கிறாள். கிழமைக்கு இரண்டு தரம் பஸ் ஏறிப் போய், மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறாள். தம்பியின் இரத்தம் அவளுக்குப் பொருந்தியது. அவனுடைய தொண்ணூற்று நாலு கிலோதான் இடைஞ்சல். “எண்பத்தெட்டுக்கு இறங்குங்க. இந்த எடையில கத்தி வச்சா உங்களுக்குத்தான் ஆபத்து,” என்று டாக்டர் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். இறங்காவிட்டால் ரஜனி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

வாட்ச் இரவும் பகலும் கையிலேயே இருந்தது. முதல் நாளே அது சொன்ன கணக்கைப் பார்த்துச் சுதர்ஷன் வாயைப் பிளந்தான். பதினெட்டாயிரம் அடி நடை. எரித்தது நாலாயிரத்து நூறு கலோரி.

கடை முதலாளி இப்திகார் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா! கொத்துக் கல்லுக்கு முன்னால நிண்டுகிட்டே ரத்தோட்டைக்கு நடந்து போய்ட்டாயே! ஒன்ட அக்காவப் பார்த்தியா, சொகமா இருக்காவா?”

“சிரிக்காதீங்க முதலாளி. ரெண்டு கையிலயும் தகடு புடிச்சுக் கொத்துறது சும்மாவா?”

சும்மா இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் போட்ட கணக்கைக் கேளுங்கள். மூன்று வேளைச் சோறு வழக்கம்போல உடம்புக்கு. வேலையில் எரிந்த நாலாயிரம் தனி. அதில் ஒரு சீஸ் கொத்து ஆயிரம் என்றாலும் மூவாயிரம் மிச்சம்தானே? தினமும் மத்தியானம் அப்படி ஒரு கொத்தைத் தனக்கே போட்டுக்கொண்டான்.

நாலு கிழமை கழித்துக் கிளினிக்கில் நிறுத்தார்கள். குறைந்தது முந்நூறு கிராம்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் ரஜனியும் கூட வந்தாள். இறங்கும்போது, “தம்பி, ஒன்னால முடியலன்னா விட்டுடுடா. ஒன்னக் கொன்னுட்டுத்தானா நான் பொழைக்கணும்?” என்றாள். அந்தச் சொல் அவனுக்குள் முள்ளாய்ப் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவி விஜிதாவிடம் வாட்ச்சைக் கழற்றி நீட்டினான். “ஒரு நாளைக்கு நாலாயிரம் எரியுதுன்னா, அந்த நெருப்பு எங்கதான் போகுது?”

விஜிதா டவுனில் மிளகு, கராம்பு வாங்குகிற கடையில் தராசில் நிறுப்பவள். எதையும் கிண்டிப் பார்க்காமல் விடமாட்டாள். வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, எங்க கடையில காலையில மொத வேலை என்ன தெரியுமா? வெறுந்தட்டப் பார்க்கிறது. ஒண்ணுமே வைக்காதப்பவும் தராசு நூறு கிராம் காட்டுச்சுன்னா, நாள் பூரா மிளகு பொய்யாத்தான் நிறுக்கும். இதுக்கு வெறுந்தட்டு எவ்வளவு காட்டும்?”

“இதுக்கு ஏதுடி தட்டு?”

“நீங்கதான் தட்டு. ஞாயித்துக்கெழம லீவு. பாயில படுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். மனுஷன் சாப்பிட எழும்பினான், பாத்ரூமுக்குப் போனான், அவ்வளவுதான். விஜிதா மணிக்கொரு தரம் வந்து கையைப் பிடித்து எண்ணைப் பார்த்தாள். சும்மா கிடக்கும்போதும் அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. நாள் முடிகையில் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

“படுத்துக் கெடந்ததுக்குமா?” சுதர்ஷன் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

“நெஞ்சு அடிக்குது, மூச்சு போகுது, உடம்பு சூடா இருக்கு. அதுக்கெல்லாம் எரியத்தானே வேணும்? அது பொய் சொல்லலைங்க. நாமதான் எல்லாத்தையும் வேலை பண்ணி எரிச்சதுன்னு நெனச்சுட்டோம். நாலாயிரத்து நூறுல இந்த ஆயிரத்து எண்ணூத்தம்பது மூணு வேளைச் சோத்துக்கே சரியாப் போயிடுது. அதப் போயி கொத்துக்கும் செலவழிச்சா?”

அவன் தலையைச் சொறிந்தான். “சரி, இதக் கழிச்சாலும் ரெண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் நிக்குதே?”

அடுத்த நாள் விஜிதா வேலை முடிந்து நேரே அவனுடைய கடைக்குப் போனாள். ஒரு மணித்தியாலம் வாட்ச் மணிக்கட்டில். அடுத்த மணித்தியாலம் அதைக் கணுக்காலில் கட்டினாள். கையில் இருந்தபோது நாலாயிரத்து எண்ணூறு அடி. காலில் தொண்ணூறு. கலோரியும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

“பாத்தியா, கால்தான் உண்ம பேசுது!” என்றார் இப்திகார்.

“அப்படியும் சொல்ல ஏலாது முதலாளி,” என்றாள் விஜிதா. “காலுல கட்டுறதுக்கு இதச் செய்யல. கையாலயும் வேலை நடக்குதுதானே? கை ஆடுறதையெல்லாம் நடைன்னு நெனச்சுக்குது. அடுப்புச் சூட்டுல நாடி வேகமா அடிச்சா, ஓடுறாருன்னு நெனச்சுக்குது. உண்மை ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. எங்கன்னு எனக்கும் தெரியல, இதுக்கும் தெரியல.”

சுதர்ஷன் தகட்டைக் கீழே வைத்தான். “அப்ப எதப் பார்த்துத்தான் சாப்பிடுறது?”

“எங்க கடைத் தராசப் பார்த்து.”

அதன்படி ஒவ்வொரு திங்கட்கிழமையும், மிளகு மூட்டை நிறுக்கிற பலகைத் தராசில் அவனை ஏற்றினாள். வெறும் பலகை சைபர் காட்டுகிறதா என்று முதலில் பார்ப்பாள். மத்தியானக் கொத்து நின்றது. சோறு பாதியாகி, அந்த இடத்தில் கீரையும் மீனும் வந்தன. வாட்ச்சை அவன் கழற்றவில்லை. காலையில் நடக்கும்போது இன்றைக்கு நேற்றைவிட அதிகமா என்று மட்டும் பார்த்துக்கொள்வான். கலோரி ஓடும் பக்கத்தைத் திறப்பதே இல்லை. எடை தொண்ணூற்று இரண்டரை ஆனது. பிறகு தொண்ணூற்று ஒன்றரை. மூன்றாவது கிழமை அசையவே இல்லை. அன்று மனுஷன் முகம் விழுந்து போயிற்று. நாலாவது கிழமை தொண்ணூறு.

தவணை நாள் வந்தது. கிளினிக்கிலும் தொண்ணூறுதான். எண்பத்தெட்டு இல்லை. ரஜனி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஜிதா, திங்கட்கிழமை எடைகளை எழுதிய துண்டுக் காகிதத்தை டாக்டரிடம் கொடுத்தாள்.

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். “முதல் மாசம் ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது மாசம் நாலு கிலோவுக்குக் கிட்ட. என்ன நடந்துச்சு?”

“படுத்துக் கெடந்தேன் சேர்,” என்றான் சுதர்ஷன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். விஜிதா கதையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, மேசையில் இருந்த படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். “மற்றப் பரிசோதனைகளை இண்டைக்கே தொடங்குவோம். எண்பத்தெட்டுக்கு வந்ததும் ஒப்பரேஷன் தேதி தாறேன். இப்ப இறங்குற மாதிரியே இறங்குங்க, அவசரம் வேண்டாம்.”

ரஜனி சேலை நுனியை விட்டாள்.

சுதர்ஷனுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. “சேர், அக்காவுக்குக் குடுக்கப் போறது எவ்வளவு பாரம் இருக்கும்?”

“நூற்றைம்பது கிராம் இருக்கும்.”

“நூத்தம்பது கிராம் குடுக்கிறதுக்கா ஆறு கிலோ?”

“வாய மூடிக்கிட்டுப் போயி ரத்தத்தக் குடுடா,” என்று ரஜனி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் எழும்பிப் போனதும் டாக்டர் பக்கம் குனிந்து, “சேர், அந்த நூத்தம்பதையும் இப்பவே அவன் எடையில கழிச்சுக்க ஏலாதா?” என்று கேட்டாள்.