மூன்றாவது கோலுக்குச் சாவி ஆடும்

ஊர்க் கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் ஒரு சொல் செல்லுபடியாக வேண்டுமென்றால் அது பூட்டுக்காரர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். சட்டையில் மண் படாமல் ஆடுகிறவன் 'மாப்பிள்ளை'. காற்றுப் பட்டாலே சாய்ந்துவிடுகிறவன் 'சோபா'. கம்பத்துக்கு மேலேயே அடிக்கிறவன் 'காக்கா விரட்டி'. எல்லாம் அவர் பெற்றுப்போட்ட சொற்கள். வீட்டில் வளர்கிற ஒரே மகனைவிட இவற்றின் மேல்தான் அவருக்குப் பெருமை என்பாள் மனைவி.

தலைச்சன் சொல் 'திறந்த வீடு'. மூன்று கோல் வாங்கிய கோல்கீப்பருக்கு உரியது. மூன்றாவது விழுந்ததும் பூட்டுக்காரர் எழுந்து, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை ஆட்டுவார். உடனே கேலரி முழுக்க எழுந்து, "வீடு திறந்திருக்கு, வாங்க வாங்க" என்று எதிரணியை உபசரிக்கும். அவர் ஆட்டாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. இருபது வருஷமாக அங்கே அதுதான் அரசியல் சாசனம். அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு கோல்கீப்பர் ஆட்டத்தையே விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனான். இதைச் சொல்லும்போது பூட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொள்வார்.

மகனுக்கு ஊர் அணியில் கோல்கீப்பர் இடம் கிடைத்த வாரம், டீக்கடையில் மச்சினன் அவர் வாயைக் கிளறினான்.

"மாமா, நம்ம பையன் மூணு வாங்கினா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் பூட்டுக்காரருக்கு நாக்கு நிற்காது.

"பெத்த புள்ளையா இருந்தாலும் மூணு விழுந்தா சாவி ஆடும்."

"அப்புறம் அக்கா சோறு போடமாட்டா."

மகன் காதுக்கு அது சாயங்காலமே போய்விட்டது. பிய்ந்த கையுறையைத் தைத்துக்கொண்டே, "மூணு வாங்கமாட்டேன்பா" என்று சிரித்தான்.

ஆட்டத்தன்று பூட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கடையிலேயே விட்டுவிட நினைத்தார். விட்டால் ஊர் கேட்கும். பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு போனார். ஆட்டப் போவதில்லை, அவ்வளவுதான்.

இடைவேளைக்குள் இரண்டு விழுந்துவிட்டன. கேலரியில் இருமல் சத்தம்கூட இல்லை. மச்சினன் குனிந்து சொன்னான்: "ஆட்டாதீங்க மாமா. ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

மூன்றாவது, மகனின் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தவன் நிமிர்ந்து கேலரியைப் பார்த்தான். அந்த முகத்துக்கு எதிரே உட்கார முடியாமல், வெளியே போய்விடலாம் என்று பூட்டுக்காரர் எழுந்தார். எழுந்த வேகத்தில் பைக்குள் இருந்த அத்தனை சாவியும் முன்பலகையில் இடித்தது.

ஜலீரென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கேலரி எழுந்தது. "வீடு திறந்திருக்கு, வாங்க வாங்க."

"நான் ஆட்டலப்பா, உக்காருங்கடா" என்று இரண்டு கையையும் வீசினார். மைதானத்திலிருந்து பார்த்தால் தாளம் போடுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மகன் குழாயடியில் கையுறைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் ஆட்டலடா. எழுந்தேன், பலகையில இடிச்சிடுச்சு. உன் மாமனைக் கேளு."

"பரவாயில்லப்பா. சொன்னதைத்தானே செஞ்சீங்க."

"செய்யலடா."

"ஆட்டாம இருந்திருந்தா உங்களுக்குத்தான் அசிங்கம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். மகன் கையுறைகளைப் பிழிந்து கொடியில் போட்டான்.

"அப்பா, லாரி ஓட்டப் போனாரே ஒரு கீப்பர், அவர் பேர் என்ன?"

"எதுக்குடா?"

"சும்மா, போய்ப் பாக்கணும்."

பூட்டுக்காரர் யோசித்தார். அவனுடைய நடை ஞாபகம் வந்தது, அழுக்கு மஞ்சள் சட்டை வந்தது, கேலரி அவனைத் 'திறந்த வீடு' என்று அழைத்தது வந்தது. பெயர் வரவில்லை. அது எப்போதுமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மகன் காத்துக்கொண்டு நின்றான். கையுறைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.