மணி அடிக்குமுன் எடுத்த போன்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் ஒரு நூற்பாலை. எண்பத்தேழாம் வருஷம் அங்கே வந்த புது மேனேஜர் இன்டர்காம் வைத்தார். தம் கண்ணாடி அறையில் ஒரு போன். ஹாலின் மறுகோடித் தூணில் மேஸ்திரி காசிராஜனுக்கு ஒரு போன்.

“நான் கூப்பிட்டா எடுக்கணும். ஒரு தடவை தவறினாலும் குடோன்ல மூட்டை தூக்குற வேலைதான் உமக்கு.”

மிஷின்கள் ஓடும்போது அந்த ஹாலில் இடி விழுந்தாலும் யாராவது கை காட்டினால்தான் தெரியும். அங்கே பேச்செல்லாம் கைச்சாடையும் உதட்டசைவும்தான். அது முற்றிப்போய், தொழிலாளர்கள் குடியிருந்த சேத்தூரில் மில் தம்பதிகள் வீட்டிலும் சத்தமில்லாமலே சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டார் ஒட்டுக்கேட்க வழியின்றி மனம் நொந்தார்கள்.

கண்ணாடி அறைக்கு எதிர் மிஷினில் நின்ற குருவம்மாளிடம் காசிராஜன் ஓடினார்.

“தாயி, அவரு போனைத் தொட்டா எனக்குச் சாடை காட்டு.”

“பதறாதிய அண்ணாச்சி. அவரு பேசுறதையும் சேத்தே அனுப்புதேன்.”

மறுநாளிலிருந்து மேனேஜர் கை போன் பக்கம் போனதுமே குருவம்மாள் கை தூக்குவாள். நடுவில் நின்றவர்கள் கை மாற்றிவிட, சாடை வரிசை வரிசையாகத் தாவிவரும். மணி அடிக்குமுன் “சொல்லுங்க சார்” என்பார் காசிராஜன். மேனேஜர் அசந்துபோனார்.

இதற்கிடையில் ஒரு பெருச்சாளி போன் கம்பியைக் கடித்துத் துண்டாக்கியது. யாருக்கும் தெரியவில்லை. ‘மூணாவது மிஷினை நிறுத்து’ என்று மேனேஜர் சொன்னால், அவர் போனை வைப்பதற்குள் மிஷின் நின்றது. போனில் மேஸ்திரி குரல் வராததை மேனேஜர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தீபாவளிக்கு ஒரு வேட்டி அதிகம் கொடுத்தார்.

பெருமை பேசாமல் இருக்க முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மில் முதலாளிகள் மூவரை அழைத்து வந்தார். போன் விற்ற ஞானதுரையும் கூடவே வந்தார். ஒரு முதலாளி போனை எடுத்து, “மேஸ்திரி, உம்ம தலைத்துண்டை அவுத்து உதறும்” என்றார். மறுகோடியில் துண்டு பறந்தது. மூவரும் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்கள்.

ஞானதுரை சந்தோஷமாகத் தூணுக்குப் போய், தம் கருவியைத் துடைத்தார். கம்பி கையோடு வந்தது. நுனியில் பல் தடம்.

‘போச்சு, குடோன்தான்’ என்று காசிராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

“வே மேஸ்திரி, எம்புட்டு நாளா இப்படி?” என்று ஞானதுரை அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

“பெருச்சாளியத்தான் கேக்கணும் அண்ணாச்சி!”

ஞானதுரை கம்பியைப் பார்த்தார். அங்கே சாடை காட்டி ஆடிக்கொண்டிருந்த குருவம்மாளின் கைகளைப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் முதலாளிகளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஞானதுரை கம்பியைத் தூணுக்குப் பின்னால் நயமாகச் செருகிவிட்டு, அறையை நோக்கி, எல்லாம் பிரமாதம் என்று தலையாட்டினார்.

“மூணு மில்லுல மாட்டணும் வே. அந்தப் பிள்ளைக்குத் தங்கச்சிமாரு உண்டுமா?”

காசிராஜனுக்கு மூச்சு திரும்பியது. கேட்டுச் சொல்லலாம் என்று திரும்பினார். அதற்குள் ஞானதுரையின் உதட்டைப் படித்துவிட்ட குருவம்மாள், அங்கிருந்தே ஐந்து விரலைக் காட்டினாள்.